மைக்கில் சொன்ன அடையாளம்

செருப்பை உள்ளே கொண்டுவந்து விடுங்க டீச்சர். வெளியே விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். எங்கள் தெரு நாய்க்கு இடது கால் செருப்பு மேல் அப்படி ஒரு ஆசை. போன மாதம் தபால்காரர் ஒற்றைச் செருப்போடு சைக்கிள் மிதித்துப் போனார். பாவம், சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்க. துணியைத் தள்ளிப் போட்டுக்கலாம். ரவிக்கைத் துணிதான், தீபாவளிக்குத்தான் கேட்டிருக்காங்க.

கொஞ்சம் பொறுங்க. கதவு திறந்திருக்கு பாருங்க, இவனை மட்டும் கட்டிக்கிறேன்.

ஆச்சு. இனி நிம்மதியாகப் பேசலாம்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்க என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்கிறீங்க. இந்த ஊரில் அப்படி இருக்கிறது இவன் ஒருத்தன்தான், உங்களுக்கு வேலை சுலபம். இதற்கு முன்னால் இருந்த டீச்சர் மாறிப் போகும்போது சொல்லாமலா போயிருப்பாங்க. கீழத்தெருவில் பாண்டீஸ்வரி என்று ஒருத்தி இருக்கிறாள், பெற்ற பிள்ளையைக் கன்றுக்குட்டி மாதிரி கட்டி வைத்திருக்கிறாள் என்று. நான்தான் அது. டீ போடுகிறேன், குடிச்சிட்டே திட்டலாம்.

இது பாவாடை நாடா டீச்சர். தொட்டுப் பாருங்க. மூணு நாடாவைச் சடை மாதிரிப் பின்னியிருக்கேன், யானை இழுத்தாலும் அறாது. ஒரு முனை அவன் இடுப்பில், ஒரு முனை என் இடுப்பில். முதலில் மணிக்கட்டில்தான் கட்டினேன், தோல் வழன்று போச்சு, அந்தத் தழும்புதான் அது. இடுப்பு என்றால் உறுத்தாது. எட்டு முழம் இருக்கு. நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தால் வீட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வாசற்படி வரைக்கும் எட்டும், படி இறங்க எட்டாது. அளந்து பார்த்து வைத்ததுதான். கதவு சாத்தியிருந்தால் அவிழ்த்து விட்டுடுவேன். நான் என்ன கொடுமைக்காரியா.

பேரைக் கேளுங்களேன். கேளுங்க, சொல்லுவான்.

பார்த்தீங்களா. சபரீஷ், அப்பா பேர் வேல்ச்சாமி, அம்மா பேர் பாண்டீஸ்வரி, கீழத்தெரு, ஓடைக்கரைப்பட்டி, தாலுகா, ஜில்லா, பின்கோடு, அப்பா போன் நம்பர், என் போன் நம்பர். ஒரே மூச்சில் சொல்லுவான், ஒரு எண் தப்பாது. ஆறு வயதில் எந்தப் பிள்ளை சொல்லும். நேற்று சிலிண்டர் போட வந்தவர் "என்னடா மருமகனே, என்ன சாப்பிட்டே" என்று கேட்டார். அதற்கும் இதையேதான் சொன்னான். பின்கோடு வரைக்கும். அந்த மனுசன் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டே முழுசையும் கேட்டுட்டுப் போனார்.

கூட்டத்தில் பிள்ளையை வைத்திருப்பது ஒரு தொழில் டீச்சர். தையல் மாதிரி. கண்ணைக் கொஞ்சம் எடுத்தால் ஊசி விரலில் ஏறும். நான் படித்தது இங்கே உங்கள் பள்ளிக்கூடத்தில்தான், எட்டாவது வரைக்கும். ஆனால் இந்த ஒரு பாடத்தில் என்னைக் கேட்டுத்தான் மற்றவங்க தெரிஞ்சுக்கணும். பஸ்ஸில் ஏறினால் பிள்ளையை ஜன்னல் பக்கம் உட்கார வைக்கணும், இறங்கும்போது பிள்ளையை முன்னால் விடக்கூடாது, பின்னாலும் விடக்கூடாது, தூக்கித்தான் இறங்கணும். கடைத்தெருவில் பையை ஒரு கையிலும் பிள்ளையை ஒரு கையிலும் பிடிக்கக்கூடாது. பை கனத்தால் கை மாற்றத் தோன்றும். அந்த மாற்றுகிற நேரம்தான். பை வேண்டாம், பிள்ளை போதும். தினமும் காலையில் குளிப்பாட்டிக் கிளப்பினதும் போட்டோ எடுத்துடுவேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னால் எதுக்கு என்று எல்லாரும் சிரிக்கிறாங்க. தொலைந்த பிள்ளையை முதலில் பார்க்கிறவங்க பின்னாலிருந்துதானே பார்ப்பாங்க.

சட்டையைப் பாருங்க. சிவப்புக் கட்டம். அந்தக் கொடியில் காய்கிறதும் சிவப்புக் கட்டம். உள்ளே பெட்டியில் இருக்கிற நாலும் அதேதான். ஒரு முழுச் சுருள் துணி வாங்கி வைத்திருக்கேன், வளர வளர அதிலேயே வெட்டித் தைக்க வேண்டியதுதான். டவுசர் ஊதா. முடி கூட வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நானே வெட்டிடுவேன், ஒரே அளவு, கூடாது குறையாது. இவன் அடையாளம் மாறவே மாறாது டீச்சர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் தப்பில்லாமல் சொல்லுவேன்.

நீங்க கேட்க மாட்டீங்க. ஊரில் யாரும் கேட்க மாட்டாங்க. நானே சொல்லிடுறேன், எனக்கு ஒளிவு மறைவு கிடையாது.

இவனுக்கு மூத்தது ஒன்று இருந்தது. கனிஷ்கா. இருக்குது என்றுதான் சொல்லணும், இருந்தது என்று சொன்னால் எங்க வீட்டுக்காரர் எழுந்து வெளியே போயிடுவார். அவளுக்கு அப்போது நாலு வயது முடியப் போகுது. இவன் ஒரு வயதுப் பிள்ளை, இடுப்பில். ரெண்டு பேருக்கும் வெள்ளைமடை மாரியம்மனுக்கு முடி நேர்ந்திருந்தோம். ஆடி கடைசி வெள்ளி. உங்களுக்குத் தெரியாது, நீங்க வேற பக்கம். அன்றைக்கு அங்கே தலையைத் தவிர ஒன்றும் தெரியாது. மேலே இருந்து கடுகை அள்ளிப் போட்டால் ஒன்றுகூடத் தரையில் விழாது.

நான் அப்பவும் விவரமானவள்தான். சும்மா போகவில்லை. கவுன் பையில் பேர், ஊர், போன் நம்பர் எல்லாம் எழுதின சீட்டை வைத்து, பை வாயைத் தைத்தே விட்டேன். பச்சைக் கவுன். அவளுக்குச் சுருட்டை முடி, சீப்பு உள்ளே போகாது. காலையில் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி ரெட்டைச் சடை போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டினேன். எங்க மதினி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா தங்கமாரி, வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு, "போனதும் வழிக்கப் போற முடிக்கு எதுக்குடி இந்தச் சிங்காரம்" என்றாங்க. "கடைசியா ஒரு தடவை பார்த்துக்கிறேன் மதினி" என்று சொன்னேன். சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுதான்.

வேன் நிறுத்துகிற இடம் ஒரு மைல் தள்ளி. எங்களை இறக்கி விட்டுட்டு வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, பொங்கல் பானையைத் தூக்கிட்டு வர்றேன் என்று போனார். மதினி கூழ் ஊற்றுகிற பந்தலில் இடம் பிடிக்கப் போனாங்க. நான் பிள்ளைகளோடு மொட்டைக் கொட்டகை வரிசையில் நின்றேன். அவளுக்கு டோக்கன் முதலில் வந்தது. அழவே இல்லை டீச்சர். முடி மடியில் விழ விழ அதை எடுத்து எடுத்துப் பார்த்தாள். "அம்மா, என் சடை செத்துப் போச்சா" என்று கேட்டாள். முடி இறக்குகிறவரே சிரித்துவிட்டார். பக்கத்தில் வரிசையாகக் குழாய் போட்டிருந்தாங்க. அங்கே குளிப்பாட்டி, தலைக்குச் சந்தனம் பூசி, அம்மனுக்கு எடுத்த மஞ்சள் கவுனைப் போட்டுவிட்டேன். பச்சைக் கவுனைப் பிழிந்து பைக்குள் வைத்தேன். சீட்டு அதற்குள்ளேயே போச்சு. அது அப்போது ஞாபகம் வரவில்லை. நான் சொன்னேனே, ஊசி விரலில் ஏறுகிற நேரம் என்று.

திரும்பினால் இவன் டோக்கனைக் கூப்பிடுறாங்க. இவன் கத்துகிறான், காலை உதைக்கிறான். அவள் என் முந்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன், அம்மா கை ஒழியாவிட்டால் முந்தியைப் பிடிச்சுக்கணும் என்று. இவன் மேல் தண்ணீர் தெளிக்கிறாங்க, காற்று அடிக்குது, போர்த்திப் பிடிக்கணும். "ஒரு நிமிசம் விடு பாப்பா, இங்கயே நில்லு" என்று முந்தியை நான்தான் அவள் கையிலிருந்து உருவினேன். கெட்டியாகப் பிடித்திருந்தாள். கொஞ்சம் இழுத்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது.

இவனுக்குக் கத்தி வைப்பதற்குள் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

எப்படிச் சொல்வது. பிள்ளையே இல்லாத இடம் என்றால் தேடலாம். அங்கே பார்த்த இடமெல்லாம் பிள்ளைகள். எல்லாம் மொட்டை, எல்லாம் சந்தனம், எல்லாம் மஞ்சள். ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், தாய்மார் எல்லாம் என்னைத் திட்டுறாங்க. இவனை ஈரத் தலையோடு அப்படியே தூக்கிக்கொண்டு போலீஸ் பந்தலுக்கு ஓடினேன். மைக்குக்காரர் நல்ல மனுசன், தண்ணீர் கொடுத்தார். "பதறாதம்மா, கோயில்ல தொலைஞ்ச பிள்ளை கோயில்லயே கிடைக்கும், அடையாளத்த மட்டும் தெளிவாச் சொல்லு" என்றார்.

நான் தெளிவாகச் சொன்னேன் டீச்சர். ரொம்பத் தெளிவாக. அழுதுகொண்டு உளறவில்லை. "பேரு கனிஷ்கா. நாலு வயசு. சுருட்டை முடி, ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். பச்சைக் கவுன். கழுத்துல பாசிமணி." அவர் எழுதிக்கொண்டார், திருப்பி வாசித்துக் காட்டினார். சரியா என்று கேட்டார். சரி என்றேன்.

நீங்க டம்ளரைக் கீழே வைத்துட்டீங்க. டீ ஆறிப்போகும், குடிங்க.

எனக்குக் கண்ணை மூடினால் அவள் சடையோடுதானே தெரிந்தாள். நாலு வருசம் நான் சீவின தலை. மொட்டைத் தலையோடு அவளை நான் பார்த்தது இருபது நிமிசம் இருக்கும். வாய்க்குக் காலையில் கிளப்பின பிள்ளைதான் வந்தது.

முக்கால் மணி நேரம் மைக்கில் அதையே சொன்னாங்க. அவ்வளவு கூட்டமும் ரெட்டைச் சடையைத் தேடியது. எங்க வீட்டுக்காரர் வேன் நிறுத்துகிற இடத்திலேயே மைக்கைக் கேட்டுட்டு, பானையைப் போட்டுட்டு, வழியெல்லாம் சடை போட்ட பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்தே ஓடி வந்திருக்கிறார். வந்து நின்று மூச்சு வாங்கினார். "ஏட்டி, அப்ப இன்னும் மொட்டை போடலையா" என்று கேட்டார்.

"போட்டாச்சே" என்றேன்.

எனக்கு அப்பவும் புரியவில்லை. அவருக்குத்தான் முதலில் புரிந்தது. மைக்குக்காரருக்கு அடுத்து. அவர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மைக்கை அணைத்துவிட்டார்.

அதற்கப்புறம் மாற்றிச் சொன்னாங்க. மொட்டை, மஞ்சள் கவுன். கேட்டவங்களில் பாதிப் பேர் சிரித்தாங்க. மொட்டை மஞ்சள் கவுன் என்றால் அன்றைக்கு அங்கே ஆயிரம் பிள்ளை இருந்தது.

மூணாம் நாள் ஒரு பலூன்காரர் வாய் திறந்தார். போலீஸ் பந்தலுக்கு எதிர்ச்சாரியில் கம்பு நட்டு நின்றவர். "ஒரு மொட்டைப் பிள்ளை என் கம்புகிட்ட நின்னு அழுதுச்சும்மா. நானும் மைக்கக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். சடை, பச்சைக் கவுன்னு சொல்றாங்க, இது அந்தப் பிள்ளை இல்லைன்னு விட்டுட்டேன். ஒரு அம்மா வந்து மூக்கைத் தொடச்சு விட்டு, அம்மாகிட்டப் போவமான்னு கேட்டுச்சு. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருச்சு." எப்படிப்பட்ட அம்மா என்று கேட்டேன். நல்ல சேலை கட்டின அம்மா என்றார். பிள்ளைக்கு அத்தையோ சித்தியோ என்று நினைத்தாராம். வேறு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. போலீசும் எழுதிக்கொண்டாங்க.

மைக்குக்கு நேர் எதிரே டீச்சர். இருபது அடி கூட இருக்காது. என் பிள்ளையும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருப்பாள். சடை இருக்கிற கனிஷ்காவைத்தான் அம்மா கேட்கிறாள், நம்மை இல்லை என்று நினைத்திருப்பாளோ. அவள் அப்படி எல்லாம் யோசிக்கிற பிள்ளை.

அஞ்சு வருசம் ஆச்சு. நோட்டீஸ் அடித்தோம், அதிலும் சடையோடுதான் போட்டோ. வேறு போட்டோ ஏது. மதுரை, ராமேஸ்வரம், இன்னும் எங்கெங்கோ பிள்ளைகள் ஹோம்களில் எல்லாம் வீட்டுக்காரர் போய்ப் பார்த்தார். ஆறு தடவை எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. அடுத்தவங்க பிள்ளைகள்தான். ஒரு தடவை ஒரு பிள்ளை ஓடி வந்து என்னை அம்மா என்று கட்டிக்கொண்டது. இல்லை என்று சொல்லி அதைப் பிரித்து எடுப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. அதோடு அவர் போகிறதை நிறுத்திவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டை என்றால் எனக்கு வரும். அவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். வந்தால் இவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடப்பார். நான் ரெண்டு பேரும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து தைப்பேன்.

மற்றபடி நன்றாகத்தான் இருக்கோம். என்னைப் பார்த்தால் அழுமூஞ்சி மாதிரியா இருக்கு? அழுதுகொண்டிருந்தால் கண் மறைக்கும். எனக்குக் கண் வேணும்.

இவனுக்கும் வெளியே போக ஆசையே கிடையாது. பயந்த சுபாவம். அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், காலையில் உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது ஒன்று ரெண்டு என்று எண்ணுவான், சாயங்காலம் திரும்பும்போது எண்ணுவான். அதோடு அவனுக்குத் திருப்தி. யாராவது ஒன்று குறைந்தால் மட்டும் முகம் வாடிவிடும், "ஒண்ணு வரலம்மா" என்பான். டேய், டீச்சர் பையை நோண்டாதே. இருக்கட்டும் என்று சொல்லாதீங்க டீச்சர், பேனாவை எடுத்துட்டான் பாருங்க. அந்தச் சிவப்புப் பேனாதான் வேணுமாம்.

நான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே இல்லை என்று உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய். போன ஜூன் மாதம் அனுப்பினேன். முந்தின டீச்சர் வீட்டுக்கு நடையாய் நடந்தாங்க. சரி என்று கொண்டுபோய் விட்டேன். நாடாவோடுதான் போனோம். நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன், பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு, எனக்கும்தான். பழைய பள்ளிக்கூடம் இல்லையா, நான் உட்கார்ந்த இடம் கூட எனக்குத் தெரியும். ரெண்டாம் நாள் டீச்சர், "பாண்டீஸ்வரி, நீ கேட்டுக்கு வெளிய இரு, மத்தியானம் வந்து பாரு" என்றாங்க. அவிழ்த்து விட்டுட்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். கட்டத்தில் சட்டை போடக்கூடாதாம், எல்லாரும் யூனிபாரம்தானாம். அன்றைக்கு அவனும் ஊதாச் சட்டைதான்.

மத்தியானம் மணி அடித்தது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மொத்தமும் ஓடி வருது. உங்களுக்குப் பதினாலு பிள்ளைதான், எனக்குத் தெரியும். பதினாலா, நாற்பதா, எனக்கு அப்போது கணக்கு வரவில்லை. எல்லாம் ஊதா. எல்லாம் ஒரே தலை. எனக்கு அந்தக் கொட்டகை வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது. உள்ளே பாய்ந்து போய் இவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். சாப்பாடும் வேண்டாம், படிப்பும் வேண்டாம் என்று விறுவிறு என்று நடந்தேன். பால் சொசைட்டி தாண்டி, தண்ணீர்த் தொட்டி தாண்டி வந்தாச்சு.

அங்கே வந்து, "அத்தை, எங்க வீடு அங்கிட்டு" என்று சத்தம் வருது. பார்த்தால் இவன் இல்லை. ராசாத்தி மகன் நிதீஷ்.

சிரிப்பு வருதா, வராதா? அன்றைக்கு ஊரே சிரித்தது, ராசாத்தியைத் தவிர. அவள் என் வாசலில் நின்று, "உன் பிள்ளையத் தொலைச்சுட்டு ஊர்ப் பிள்ளையப் பிடிக்க வந்துட்டியா" என்றாள். அவள் சொல்லத்தான் செய்வாள், பெற்றவள். நான் மன்னிப்புக் கேட்டேன். முகத்தைப் பார்க்கவில்லையா என்று டீச்சர் கேட்டாங்க. அந்த வயதில் எல்லாப் பிள்ளைக்கும் முகம் ஒரே மாதிரிதானே இருக்கு. நான் எப்போதும் சிவப்புக் கட்டத்தைத்தானே பார்க்கிறது.

ஆனால் நான் இதைச் சொல்ல வந்தது அதுக்காக இல்லை. அந்த நிதீஷ் பயல் டீச்சர், தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழவில்லை, கையை உதறவில்லை. என் கைக்குள் அவன் கை சும்மா இருந்தது. தட்டைக் கூட விடவில்லை, ஒரு கையில் தட்டு, ஒரு கை என்னிடம். பெரியவங்க ஒருத்தர் கையைப் பிடித்தால் பிள்ளைகள் வந்துடுதுங்க. பலூன்காரர் சொன்னபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. என் பிள்ளை கத்தாமல் போயிருக்க மாட்டாள் என்று அவரிடம் சண்டை போட்டேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, எவ்வளவு சுலபம் என்று.

வீட்டுக்காரர் உங்களிடம் போனில் பேசினாராமே. அதுவும் தெரியும். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பேசினார், ஒளித்துச் செய்கிற ஆள் இல்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள பள்ளிக்கூடத்துல சேர்த்துரு பாண்டி. இல்லைன்னா இவனை நான் அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். நீ வர்றதா இருந்தா வா, வராட்டி இரு. ஆனா பிள்ளை நாடாவுல இருக்கக்கூடாது" என்றார். மதினி இருக்கிறதும் இப்போது திருப்பூரில்தான். திருப்பூரில் எவ்வளவு கூட்டம். ஷிப்ட் விடுகிற நேரத்தில் ரோட்டைப் பார்த்திருக்கீங்களா? அவர் சொன்னால் செய்துவிடுவார். பேசாத ஆள் ஒரு தடவை பேசினால் அதோடு முடிந்தது. ஆக, எனக்கு இன்றும் நாளையும்தான் இருக்கு.

அதனால்தான் உங்களை உள்ளே விட்டேன். முந்தின டீச்சரைக் கடைசியில் ஜன்னல் வழியாகத்தான் பேசவிட்டேன்.

என்னது? யூனிபாரம் வேண்டாமா? கட்டச் சட்டையோடே வரலாமா? நிஜமாகவா சொல்றீங்க. மேலே யாரும் கேட்க மாட்டாங்களா? நீங்களே பதில் சொல்லிப்பீங்களா. அப்போ நான் வேப்பமரத்தடியில் இருக்கலாமா? மெஷினையே கொண்டுவந்து போட்டுக்கலாமா? போங்க டீச்சர், நீங்க கேலி பண்றீங்க. முதல் வாரம் மட்டுமா. சரி, முதல் வாரம். அப்புறம் ஜன்னல் பக்கம் உட்கார வைங்க, ரோட்டைப் பார்த்த ஜன்னல். சிவப்பு தெரிந்தால் போதும் எனக்கு.

இது நல்லாயிருக்கே. இதை ஏன் அவங்க சொல்லவில்லை. ஒரு சட்டைக்காக ஒரு வருசம் போச்சே.

சரி டீச்சர். சரி என்றால் சரிதான், நான் மாற மாட்டேன். இன்றைக்கே ஒரு ஒத்திகை பார்த்துடுவோமா? நீங்க போகும்போது இவனைத் தெருமுனைக் குழாய் வரைக்கும் கூட்டிட்டுப் போய்த் திருப்பி அனுப்புங்க. நான் படியில் நின்று பார்க்கிறேன். இருங்க, முடிச்சை அவிழ்க்கிறேன். இழுத்துக் கட்டினதில் இறுகிப் போச்சு, பல்லால்தான் அவிழ்க்கணும்.

டேய், இவங்க டீச்சர். பள்ளிக்கூடத்து டீச்சர். கூடப் போய்ட்டு வர்றியா?

முதலில் அழுவான் டீச்சர். அழுதால் விட்டுடுங்க, இழுக்காதீங்க. பிறந்ததிலிருந்து என்னை விட்டுப் பள்ளிக்கூடத்தில் அந்த அரை நாள்தான் இருந்திருக்கிறான். என் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான், நீங்க ஒன்றும் மனதில் வைத்துக்காதீங்க. மெதுவாகக் கையை நீட்டுங்க.

டீச்சர்.

டீச்சர், நில்லுங்க. அங்கேயே நில்லுங்க. குழாய் வேண்டாம்.

அழவில்லையே இவன். படி இறங்கும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே. உங்களை இவனுக்கு எவ்வளவு நேரமாகத் தெரியும்? ஒரு டீ குடிக்கிற நேரம். உங்கள் பேர் கூடத் தெரியாது. கையை நீட்டினீங்க, இறங்கிட்டான். குதித்துக் குதித்து வேறு போகிறான்.

நல்லதுதானே என்று சொல்லாதீங்க. உங்களுக்கு அது நல்லது. எனக்குத் தெரியும் அது என்ன என்று.

உங்கள் மேல் கோபம் இல்லை டீச்சர். நீங்க நல்லவங்க. பார்த்தாலே தெரியுது, நல்ல சேலை, நல்ல பேச்சு. அழுத பிள்ளைக்கு மூக்கைத் துடைத்து விடுகிற ஆள்தான் நீங்க.

விடுடா கையை. டீச்சருக்கு நேரமாகுது. விடு என்கிறேன் இல்லை. பொறுங்க, நீங்க உதறாதீங்க, நான் எடுக்கிறேன். விரல் விரலாகத்தான் எடுக்கணும். கெட்டியாகப் பிடித்திருக்கிறான் பாருங்க.

நோட்டில் என்ன எழுதணுமோ எழுதிக்குங்க. வரவில்லை என்று எழுதுங்க, தாய் சம்மதிக்கவில்லை என்று எழுதுங்க, எது உண்மையோ அது. ஞாயிற்றுக்கிழமை அவர் வரட்டும். வந்து தட்டட்டும். உள்ளே தாழ்ப்பாள் இருக்கு, மெஷினையும் நகர்த்தி வைக்கலாம். அரிசி இருக்கு, தண்ணீர் பிடித்து வைத்திருக்கேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசித்தால் ஒன்றும் தோன்றவும் இல்லை.

பேனாவை அவனே வைத்துக்கொள்ளட்டுமா? சரி. அழாதேடா, டீச்சர் குடுத்துட்டாங்க.

போகும்போது கதவை நீங்களே இழுத்துச் சாத்திட்டுப் போங்க டீச்சர். எனக்குக் கை ரெண்டும் ஒழியவில்லை.